'இன்அட்வெர்டென்ட்': தற்செயலா, தவறுதலா, கருதாததா?

அனைவருக்கும் வணக்கம்.

வயல் மருந்துகளுக்கான பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலையில் 'இன்அட்வெர்டென்ட்' (inadvertent) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுவரை தற்செயலான, எதிர்பாராத, கவனக்குறைவான, பொச்சாப்பான (மறதியால் சோர்ந்த) என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கையும் மூல வாக்கியங்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சேதி சொல்கிறது. மூலம் சொல்லும் சேதி எதிலும் முழுதாக வரவில்லை.

அந்தச் சொல்லின் வேர் லத்தீன். 'அட்வெர்ட்டெரே' என்றால் ஒன்றின் பக்கம் திருப்புதல். மனத்தை அந்தப் பக்கம் திருப்பாமல் செய்தது என்பதுதான் ஆங்கிலச் சொல்லின் உள்ளே இருக்கும் பொருள். (விளம்பரத்துக்கான ஆங்கிலச் சொல்லும் இதே வேர்தான்; அது நம் கவனத்தைத் திருப்புகிறது.) ஆகவே இந்தப் பெயரடை வர இரண்டு நிபந்தனைகள் உண்டு. செயலுக்கு ஒரு ஆள் வேண்டும். நடந்தது அந்த ஆளின் எண்ணத்தில் இருந்திருக்கக் கூடாது. ஐப்பசியில் கொட்டித் தீர்க்கும் மழையை ஆங்கிலத்தில் யாரும் இந்தச் சொல்லால் சொல்வதில்லை. மழைக்கு ஆள் கிடையாது.

தற்செயல் இங்கேதான் விழுகிறது. தானாக நேர்வது தற்செயல். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் பழைய வகுப்புத் தோழரைப் பார்த்தால் அது தற்செயல். அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் தற்செயல் விடுப்பு தெரியும். அந்தச் சொல் அந்த வேலையில் நன்றாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எதிர்பாராத என்பதும் இதே குறை உள்ளதுதான். அது பார்ப்பவரின் வியப்பைச் சொல்கிறது, செய்தவரின் மனத்தைச் சொல்வதில்லை.

நம் பக்கத்து வயலில் நடப்பதை வைத்தே பார்ப்போம். திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கோடைப் பருத்தி இன்னும் நிற்கும்போதே பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவை நட்டுவிடுவார்கள். நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களை மருந்தை அடிப்பது வழக்கம். உரிய பருவத்தில் அடித்தால் நெல்லை அது ஒன்றும் செய்யாது. பருத்திக்கோ துளி பட்டாலும் ஆகாது: புதுத் துளிர் விரிய மாட்டாது, இலை விரல் விரலாகக் குறுகி நீண்டு, நரம்புகள் நெருங்கி ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். இது பருத்திக்கு இரண்டு வழியில் வந்து சேரலாம். ஒன்று, நெல்லுக்குக் களை மருந்து அடித்த அதே ஸ்பிரேயரைச் சரியாகக் கழுவாமல் மறுநாள் பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்க எடுப்பது. டேங்கின் அடியிலும் ஓஸிலும் தங்கிய மிச்சமே போதும். இன்னொன்று, நெல்லுக்கு முறையாக, சரியான அளவில், சரியான வயலில்தான் அடித்தார். நடுவில் காற்று எழும்பிச் சாரலை வரப்பு தாண்டிக் கொண்டுபோனது.

ஆங்கிலக் குறிப்பு இரண்டுக்கும் ஒரே பெயரடையைப் போடுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் செயலே தடம் மாறிவிட்டது. இரண்டாவதில் செய்தது செய்ய நினைத்ததுதான். விளைவு மட்டும் நினைப்புக்கு வெளியே போய்விட்டது. பருத்திக்காரருக்கு நட்டம் ஒன்றுதான் என்றாலும், அடித்தவரிடம் நாம் சொல்ல வேண்டிய எச்சரிக்கை வேறு வேறு. ஒருவருக்கு ஸ்பிரேயரைக் கழுவு, முடிந்தால் களை மருந்துக்குத் தனி ஸ்பிரேயர் வை என்று சொல்ல வேண்டும். மற்றவருக்குக் காற்றைப் பார்த்து அடி என்று சொல்ல வேண்டும். ஒரே தமிழ்ச் சொல்லால் மூடிவிட்டால் படிப்பவருக்கு இந்த வித்தியாசம் போய்விடும்.

என் பரிந்துரை இதுதான். செயலே வழுக்கிய இடத்தில் 'தவறுதலான' என்று எழுதுவோம். செயல் எண்ணியபடி நடந்து, விளைவு எண்ணாததாக இருக்கும் இடத்தில் 'கருதா' என்று எழுதுவோம்.

தவறுதலான என்பதற்காகப் புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டாம். "தவறுதலாக அனுப்பிவிட்டேன்", "தவறுதலாக உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்" என்று எல்லோரும் சொல்கிறோம். தவறான என்பதும் தவறுதலான என்பதும் ஒன்றுதானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஒன்றல்ல ஐயா. தவறான மருந்து என்றால் அந்த மருந்தே பொருந்தாதது. தவறுதலாகக் கொடுத்த மருந்து என்றால் கொடுத்தவர் வேண்டுமென்று கொடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை மொழி ஏற்கெனவே வைத்திருக்கிறது. நாம் எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

கவனக்குறைவான என்பதை நான் வலுவாகவே எதிர்க்கிறேன். அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. விதை நெல் வயலில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சான்று விதைக்கு விடும் நெல்வயலுக்கும் பக்கத்து ரகத்துக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒருவர் அதை விட்டிருப்பார், கதிர் வெளிவந்ததும் உள்ளே இறங்கிக் கலவன்களையும் (நடுவே முளைத்த வேறு ரகச் செடிகளையும்) பிடுங்கியிருப்பார். ஆனால் அறுவடைக்கு வந்த வண்டியின் உள்ளே முந்தின வயலின் வேறு ரக நெல் கொஞ்சம் தங்கியிருக்கும். மூட்டையில் கலப்பு வந்துவிடும். இதைக் 'கவனக்குறைவான கலப்பு' என்று எழுதினால், பாடுபட்ட விவசாயி மேல் குற்றத்தை ஏற்றுகிறோம். ஆங்கிலச் சொல் அந்தக் குற்றத்தை ஏற்றுவதில்லை. அலட்சியம் இருந்ததா இல்லையா என்பதை விசாரணைக்கு விட்டுவிடுகிறது. கலைச்சொல்லும் அப்படித்தான் விட வேண்டும். 'கருதாக் கலப்பு' என்றால் அந்த நிதானம் இருக்கிறது.

பொச்சாப்பு அழகான பழஞ்சொல், மறுக்கவில்லை. ஆனால் திருக்குறளில் பொச்சாவாமை என்று ஒரு அதிகாரமே அதைக் கடிவதற்காக இருக்கிறது. கவனக்குறைவைவிடக் கடுமையான கண்டனம் அதில் ஏறியிருக்கிறது. மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்குப் புரியவும் புரியாது.

கருதா ஏன் என்று கேட்பீர்கள். கருத்து என்ற சொல் தமிழில் கவனத்தையும் குறிக்கிறது, எண்ணத்தையும் குறிக்கிறது. "கருத்தாகப் படி" என்றால் கவனம். "நன்மை கருதிச் செய்தேன்" என்றால் நோக்கம். ஆங்கிலச் சொல்லும் இந்த இரண்டையும்தான் மறுக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் புணர்ச்சியிலும் குழப்பமில்லை: கருதாக் கலப்பு, கருதாச் சாரல், கருதாப் பரவல், கருதா விளைவு. ஆகாயத்தாமரைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பூவின் அழகுக்காக வேண்டுமென்றே இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடி அது. இன்று வாய்க்காலை அடைத்து, மதகில் சிக்கி, கடைமடைக்குத் தண்ணீர் போகாமல் செய்கிறது. கொண்டுவந்தது கருதியது, பரவியது கருதாதது. தவறுதலான பரவல் என்று இங்கே எழுதவே முடியாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. 'கருதாமல்' என்று வினையெச்சமாக்கினால் பொருள் திரும்பிவிடும். "பிறர் நலம் கருதாமல்" என்றால் மதிக்காமல் என்று ஆகிறது, அது வேண்டுமென்றே செய்வதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. எனவே கருதா, கருதாத என்ற பெயரெச்ச வடிவங்களை மட்டும் பட்டியலில் சேர்ப்போம். வினையை விவரிக்கும் இடத்தில் தவறுதலாக, அறியாமல், கைதவறி என்று இடத்துக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம்.

சட்டத் தமிழையும் சேர்த்துக் கேட்டவருக்கு: 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, தீர்ப்பில் வரும் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை, கைதவறிய வழுக்கல், விடுபாடு ஆகியவற்றைத் திருத்த இடம் தருகிறது. அங்கே ஆங்கிலத்தில் இருப்பது 'ஆக்சிடென்ட்டல்' என்ற சொல். சொல் வேறு, ஆனால் பொருள் நம்முடையதுதான். பட்டாவில் அப்பா பெயர் விட்டுப்போவதும், சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறுவதும் இந்த வகையே. 'தற்செயலான விடுபாடு' என்றால் யாரும் எழுதாத பட்டாவில் பெயர் தானாக மறைந்ததுபோல் இருக்கிறது. 'தவறுதலான விடுபாடு' என்பதே சரி.

குறிப்பில் இருக்கும் மூன்று வாக்கியங்களை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"களைக்கொல்லி தவறுதலாக வேறு பயிரில் படாதிருக்க, தெளிப்பானைக் கழுவிய பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்."

"காற்று வீசும்போது தெளித்தால் பக்கத்து வயலில் கருதாத பாதிப்பு ஏற்படலாம்."

"அறுவடை இயந்திரத்தால் நேரும் கருதாக் கலப்பைத் தவிர்க்க, வயலில் இறங்கும் முன் இயந்திரத்தின் உள்ளே தங்கிய நெல்லை அகற்றுங்கள்."

விவசாயிகளுக்கான துண்டறிக்கையில் 'கருதாத' என்ற முழு வடிவமும், சொற்பட்டியலில் 'கருதா' என்ற குறுகிய வடிவமும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டாவது வாக்கியத்தில் 'பாதிப்பு' போதுமா, 'சேதம்' என்றே எழுதிவிடலாமா என்பதை மட்டும் பருத்தி போடுகிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.