கோல் விழுந்ததும் கத்தலாமா, காத்திருக்கணுமா? உங்கள் விஏஆர் (வீடியோ நடுவர்) அனுபவம்

மூன்றாம் மாடி

2019 ஏப்ரல் 17. மான்செஸ்டர் சிட்டி – டாட்டன்ஹாம் (ஸ்பர்ஸ்), சாம்பியன்ஸ் லீக் கால்பந்துக் காலிறுதி, இரண்டாம் ஆட்டம். முதல் இருபது நிமிட அமர்க்களமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் நேராக 93ஆவது நிமிடத்துக்கு வருகிறேன்.

இங்கே மணி இரவு இரண்டைத் தாண்டிவிட்டது. விடுதி டிவி அறையில் முப்பது பேர், பாதிப் பேர் தரையில். சிட்டியின் ஸ்டெர்லிங் அடித்தார். 5–3. சிட்டி அரையிறுதிக்குப் போயாச்சு. என் அறைத்தோழன், கிருஷ்ணகிரிக்காரன், சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மூலையில் கிடந்த எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினான். மூன்று மாடிக்கும் சேதி சொல்லப் போகிறானாம்.

அவன் கீழ்த்தளத்துக்குப் போயிருப்பான், அப்போதுதான் திரையில் அந்த எழுத்து வந்தது. அகுவேரோ ஆஃப்சைடு, பந்து கிளம்பும்போதே எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றாராம். கோல் இல்லை. இரண்டு ஆட்டத்தின் கணக்கில் ஸ்பர்ஸ் உள்ளே, சிட்டி வெளியே.

அறையில் ஈ பறந்தால் கேட்கும். படிக்கட்டில் அந்தத் தட்டுச் சத்தம் மட்டும் மேலே ஏறி வருகிறது. டண் டண் டண். ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவுகளை உதைத்து, மறுபடி டண் டண் டண். முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம், அவனிடம் யார் சொல்வது என்று. உள்ளே வந்தவன், "ஏன்டா எல்லாரும் உட்கார்ந்துட்டீங்க?" என்றான்.

தீர்ப்பு சரிதான். பந்து பெர்னார்டோ சில்வா காலில் பட்டு வந்தது, அகுவேரோ முன்னால் நின்றார், எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். சரி என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. தப்பாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். அன்றிலிருந்து எந்தக் கோலுக்கும் நான் உடனே எழுவதில்லை. நடுவரின் கை காதுக்குப் போகிறதா என்று முதலில் பார்க்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

தோஹாவிலிருந்து

தம்பி, கொடுத்துவைத்தவர் நீங்கள். சரியான தீர்ப்பு வந்ததற்கு அழுகிறீர்கள்.

2024 ஜூன் 11, இந்தியா – கத்தார், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. நான் வேலை பார்ப்பது இங்கேதான். கேம்ப்பிலிருந்து எட்டுப் பேர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனோம். கேப்டன் சேத்ரி ஓய்வு பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர் இல்லாத முதல் ஆட்டம். நம்ம சாங்தே 37ஆவது நிமிடத்தில் அடித்துவிட்டார். ஜெயித்தால் மூன்றாம் சுற்று. இந்தியா அதுவரை எட்டிப்பார்க்காத இடம்.

73ஆவது நிமிடம். நம் கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பந்து உருண்டு கோல் லைனைத் தாண்டி வெளியே போய்விட்டது. எங்கள் ஆட்கள் கார்னர் என்று நின்றுவிட்டார்கள். கத்தார் ஆள் ஒருவர் வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்தார், இன்னொருவர் தட்டினார், வலை. நடுவர் கோல் என்று சென்டரைக் காட்டினார். குர்ப்ரீத் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். அந்தக் கை விரித்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் இருந்த கத்தார்ப் பையன் போனில் ரீப்ளேயைப் பார்த்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனை ஜேப்பில் வைத்துக்கொண்டான்.

அந்தச் சுற்றில் விஏஆர் கிடையாது. ஒரே ஒரு திரை, பத்து விநாடி, போதும். 2–1 தோற்றோம். விஏஆர் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

வடலண்டன் சேவல்

நான் சொல்லப்போறது வென்ற பக்கத்துக் கதை. 2023 செப்டம்பர் 30, ஸ்பர்ஸ் – லிவர்பூல். அப்பாவைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அப்பா அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கோல்கீப்பராக நின்றவர், இங்கு வந்து இருபது வருசமாகியும் பெரிய ஆட்டம் ஒன்றை நேரே பார்த்ததில்லை.

லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தார், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார்கள், ஆட்டம் தொடங்கிற்று. மைதானத்துக்குள் இருந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியாது. பெரிய திரையில் படம் போடவில்லை, கோடு போடவில்லை. சும்மா ஆஃப்சைடு என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிறகு எங்கள் சன் அடிக்க, கடைசியில் 96ஆவது நிமிடம் லிவர்பூலின் மாட்டிப் சொந்தக் கோலுக்குள் அடிக்க, அப்பா என்னைக் கட்டிப்பிடித்து அழாத குறை.

ரயிலில்தான் மச்சான் படம் அனுப்பினான். டியாஸ் தெளிவாக ஆன்சைட். விஏஆர் அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுத்தாச்சு என்று நினைத்துக்கொண்டு 'செக் முடிந்தது' என்று சொல்லியிருக்கிறார்! அதாவது அவர் பார்த்தது சரி, சொன்னது சரி, கேட்டவருக்குப் போனது தலைகீழ். ஆட்டம் மறுபடி தொடங்கியதால் திரும்பிப் போக விதியில் இடமில்லையாம். அன்றிரவே மனிதத் தவறு என்று நடுவர் அமைப்பு ஒத்துக்கொண்டது, சில நாளில் ஒலிப்பதிவையும் வெளியிட்டார்கள். தாங்கள் விட்ட பிழை விளங்கியதும் அந்த அறையில் எழும் பதற்றத்தை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அப்பா படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடி தூக்கினவன் பிழை விட்டா மன்னிக்கலாம். ஒரு கண் இமைக்கிற நேரம்தானே அவனுக்கு. படத்தை முன்னால வைச்சுக்கொண்டு பிழை விடுறவனை என்ன செய்யிறது?" பிறகு வீடு வரும்வரை கதைக்கவில்லை. நான் காசு கட்டி வாங்கிக் கொடுத்த சந்தோசம் ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

தோஹா அண்ணை, கருவி இருந்தும் இப்படி.

கட்டைவிரல்

சேவல் சொன்னதுதான். தோஹாக்காரரின் வலி புரிகிறது, ஆனால் அவர் கேட்பது பந்து கோட்டைத் தாண்டியதா என்பது. அதற்கு ஆம், இல்லை என்று பதில் உண்டு. ஆஃப்சைடு அப்படியா? பழைய கோடு போடும் முறையில் கேமரா விநாடிக்கு ஐம்பது படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும் ஆள் விநாடிக்குப் பத்து மீட்டர் போவார் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருபது சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலைவிட்டுக் கிளம்பிய கணம் எந்தப் படத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதில் அக்குளிலிருந்து கோடு வேறு.

இப்போது அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கடியில் 12 கேமரா, ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளி, பந்துக்குள் விநாடிக்கு 500 முறை துடிக்கும் சென்சார். சரி, துல்லியம் வந்துவிட்டது. என்ன ஆச்சு தெரியுமா? என் கதைக்கு வருகிறேன்.

2024 யூரோ (ஐரோப்பியக் கோப்பை), ஜெர்மனி – டென்மார்க். இடி மின்னல் என்று நடுவில் ஆட்டம் நின்று, மகளும் தூங்காமல் என் பக்கத்தில். பத்து வயது. டென்மார்க்கின் ஆண்டர்சன் கோல் அடித்தார், இருவரும் குதித்தோம். சக ஆட்டக்காரர் டிலேனியின் கால் கட்டைவிரல் ஆஃப்சைடாம். ரத்து. ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதே ஆண்டர்சன் கையில் பந்து உரசியதாம். திரையில் பந்து சென்சாரின் கோடு ஒன்று நேராக ஓடி, சட்டென்று ஒரு துடிப்பு. மகள் கேட்டாள்: "அப்பா, யாருக்கு ஈசிஜி எடுக்கறாங்க?"

பெனால்டி, ஹாவெர்ட்ஸ், கோல். 1–0 முன்னால் இருக்கவேண்டியவர்கள் 0–1. கட்டைவிரலும் உண்மை, உரசலும் உண்மை. அப்புறம் அவள் தூங்கப் போய்விட்டாள். மிச்ச ஆட்டத்தை நான் தனியாகப் பார்த்தேன்.

போர்ன்மத்தின் ஒரே தமிழ் ரசிகன்

சிரிக்காதீர்கள். 2020 ஜூன் 17, இங்கிலாந்து லீக், வில்லா – ஷெஃபீல்டு யுனைடெட். கொரோனா, ஆளில்லாத மைதானம். வில்லா கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்தபடியே கோலுக்குள் போய்விட்டார். தூணோடு ஒட்டி நிற்கிறார், பந்து முழுசாக உள்ளே. பந்து கோட்டைத் தாண்டினால் கோல் லைன் கருவி நடுவர் கைக்கடிகாரத்தை அதிரவைக்கவேண்டும். அதிரவில்லை. நடுவர் கடிகாரத்தைக் காட்டி, வரவில்லையே என்றார். விஏஆர் அறையும் கம்மென்று இருந்தது. 0–0.

சீசன் முடிவில் வில்லா 35 புள்ளி, நாங்கள் 34. அந்தக் கோலைக் கொடுத்திருந்தால் வில்லாவுக்கு டிராவின் ஒரு புள்ளி கிடைத்திருக்காது. நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். அந்தக் கடிகாரத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான்.

குமரி விசில்

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டங்களுக்கு விசில் ஊதுபவன், பதினான்கு வருடமாக. அனுபவம் சின்னதுதான். திருவிழா டோர்னமென்ட் ஃபைனல், கடைசி நிமிடம், பாக்ஸுக்குள் பந்து டிஃபெண்டர் கையில் பட்டது. எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து பைக்கை எடுக்கப் போனேன். ஒரு பொடியன் மொபைலை மூக்குக்கு நேரே நீட்டினான். கை அப்பட்டமாகத் தெரிகிறது. "இப்ப என்ன சொல்லுதீரு?" என்றான். பதில் வரவில்லை. நடுவர் வேலையில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

இனி சில விஷயம் சொல்லவேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம். முதலில், விஏஆர் எல்லாவற்றையும் பார்க்காது. கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம், முக்கியமாக இந்த நாலுதான். அதிலும் தெளிவான, கண்ணுக்குத் தெரிகிற தவறு இருந்தால்தான் தலையிடவேண்டும். கடைசித் தீர்ப்பு களத்தில் நிற்பவருடையது. இது தெரியாமல் டிவி முன்னால் கத்துவதால் பிபி ஏறுவதுதான் மிச்சம். இரண்டாவது, ஸ்லோ மோஷனை நம்பாதீர்கள். மெதுவாக ஓட்டினால் எந்த மோதலும் வேண்டுமென்றே செய்தது போலத்தான் தெரியும். ஒரு தடவை சாதாரண வேகத்தில் பாருங்கள், பிறகு பேசுங்கள். மூன்றாவது, கட்டைவிரல் நண்பர் மகளை அந்த நேரத்தில் எழுப்பி வைத்திருக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு ஒன்பது மணிநேரத் தூக்கமாவது வேண்டும். நான்காவது, ஊரில் ஆடும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள்: விசில் வரும்வரை நிற்காதே. பந்து வெளியே போனதா என்று முடிவு செய்வது ஆட்டக்காரன் வேலை இல்லை. கை தூக்கிக்கொண்டு நிற்கிற டிஃபெண்டர் எந்த அணிக்கும் சுமை. தோஹா சம்பவத்திலும் நம்மவர்கள் ஆடிக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பந்தைத் தட்டிவிட்டிருக்கலாம். ஐந்தாவது, டோர்னமென்ட் நடத்துபவர்கள் நடுவருக்குத் தண்ணீராவது...

தோஹாவிலிருந்து

ஐயா, பதினான்கு வருட மரியாதையோடு கேட்கிறேன். பந்து தெளிவாக வெளியே. கோல் லைனுக்கு நேரே நிற்கவேண்டிய ஆள் அதைப் பார்க்கவில்லை, நீங்கள் ஆட்டக்காரனைத் திட்டுகிறீர்கள். அந்தப் பொடியன் மொபைலை நீட்டியபோது, "உன் ஆள் விசில் வரும்வரை ஆடியிருக்கணும்" என்று அவனிடம் சொன்னீர்களா?

குமரி விசில்

சொல்லவில்லை. அது வேறு.

கண்டீரவா கேட் மூன்று

சண்டை வேண்டாம். விஏஆர் வந்திருந்தாலும் தீராத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. 2023 மார்ச் 3, பெங்களூரு – கேரளா பிளாஸ்டர்ஸ், ஐஎஸ்எல் பிளே ஆஃப். நான் சென்னையின் எஃப்சி ரசிகன், அறையில் கூடத் தங்கியிருந்த கோட்டயத்துக்காரனுக்குத் துணையாகப் போனேன். பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையை எனக்கு வேறு போட்டுவிட்டான். கூடுதல் நேரம், 96ஆவது நிமிடம். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் சுவர் கட்டுவதற்குள் சேத்ரி ஃப்ரீ கிக்கைத் தட்டி உள்ளே போட்டுவிட்டார். நடுவர் கோல் என்றார். கோச் வுகோமானோவிச் தன் ஆட்களை வெளியே வரச் சொல்லி, மொத்த அணியும் நடையைக் கட்டியது.

இதில் கேமரா என்ன காட்டும்? பந்து உள்ளே போனது எல்லோருக்கும் தெரியும். விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னாரா, சீக்கிரம் அடிக்கவிட்டாரா என்பது நடுவர் மனசுக்குள் இருக்கிற சங்கதி. பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. கோட்டயத்துக்காரன் இருபது நிமிடம் காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வருவார்கள் என்று. மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நான் வெளியே ஆட்டோ தேடினேன்.

வடலண்டன் சேவல்

மூன்றாம் மாடி, அந்தத் தட்டுக்காரர் இப்ப எப்படி இருக்கிறார்?

மூன்றாம் மாடி

ஓசூரில் வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. நேரலையே பார்ப்பதில்லை. காலையில் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் ஹைலைட்ஸ் பார்ப்பான். அதில் வருகிற கோலெல்லாம் உறுதியான கோல், நிம்மதியாகக் கத்தலாம் என்பது அவன் கணக்கு.

போன மாதம் போன் செய்தான். ஹைலைட்ஸில் ஒரு கோல், இவன் சோபாமேல் ஏறிக் கத்தி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுது, மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து... அடுத்த காட்சியில் நடுவர் திரையைப் பார்க்க ஓடிக்கொண்டிருக்கிறார். ரத்தான கோலையும் ஹைலைட்ஸில் போடுகிறார்களே, இதெல்லாம் நியாயமா என்று என்னிடம் கேட்கிறான்.