ஞாயிறு காலையில் நினைத்து, மாலையில் திரும்ப முடிகிற ஊர்கள் (ஹைடெல்பெர்க்)

கேள்வி: முதல் பருவ மாணவி

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் முதுகலை படிக்க வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. விடுதி, வகுப்பு, நூலகம் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. வகுப்புத் தோழர்களுடன் பாரிஸ் போவதாக இருந்தது. ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்கு வேலை என்று மூன்று முறை தள்ளிப்போய், இப்போது யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

தினமும் நான் காத்திருக்கும் நடைமேடையில் 'ஓஸ்டர்புர்க்கன்' என்று பலகை போட்ட ரயில் ஒன்று வரும். அது எப்படிப்பட்ட ஊர், வழியில் என்னென்ன ஊர்கள் என்று எனக்கு எதுவுமே தெரியாது. போன ஞாயிறு அந்த ரயில் கண்முன்னே கிளம்பிப் போனபோது மனதுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. டாய்ச்லாந்து டிக்கெட், அதாவது நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டு, கையில் இருக்கிறது. முன்பதிவு இல்லாமல், துணைக்கு யாரும் இல்லாமல் அப்படியே ஏறிவிடலாமா? எந்த ஊரில் இறங்குவது? தனியாகப் போகக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பதில்: இரண்டு ஆண்டுகள் அங்கே படித்தவள்

தங்கையே, ஏறிவிடு. அந்த ரயிலில்தான் நானும் தொடங்கினேன். அது நெக்கர் ஆற்றை ஒட்டியே போகும். அரை மணி நேரத்துக்குள் நெக்கர்ஷ்டைனாக் வந்துவிடும். ஒரே மலைமுகட்டில் நான்கு கோட்டைகள். இரண்டில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், மற்ற இரண்டும் இடிபாடுகள். நான்கையும் தொட்டுக்கொண்டு போகும் காட்டுப்பாதையில் முதல் முறை நடந்தபோது எதிரே வந்த ஒரு முதியவர் "குட்டன் டாக்" (வணக்கம்) என்றார். நான்கு மாதத்தில் பேராசிரியரும் கடைக்காரரும் அல்லாத ஒருவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் டிக்கெட் எஸ்-பான் என்ற புறநகர் ரயில், மண்டல ரயில், நகரப் பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் மட்டும் ஏறாதே. நான் வைத்திருந்த கணக்கு இதுதான்: ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது, ஒரு நாளுக்கு ஓர் ஊருக்கு மேல் கூடாது. இரண்டாவது ஊரைச் சேர்த்த அன்றெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன், இரண்டுமே மனதில் நிற்கவில்லை. இறங்கியதும் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள். வேறு எதையும் திட்டமிட வேண்டாம்.

நான் அதிகம் போன ஊர் ஷ்பையர். நேர் ரயில் இருக்கிறது. பழைய நகர வாயிலிலிருந்து அகலமான ஒரே தெரு நேராகப் பேராலயத்துக்குக் கொண்டுபோய் விடும். 1030 வாக்கில் கட்டத் தொடங்கிய ஆலயம் அது. கீழே நிலவறையில் எட்டு அரசர்களும் பேரரசர்களும் அடக்கமாகியிருக்கிறார்கள். வளைவுகளில் ஒரு கல் சிவப்பு, ஒரு கல் மஞ்சள் என்று மாறி மாறி அடுக்கியிருப்பார்கள். வெளியே தேர்வு நெருக்கடி கழுத்தை நெரித்த நாட்களில் அந்தத் தூண்களுக்கு நடுவே போய்ச் சும்மா நிற்பேன். ஆலயத்தின் முன்னே பெரிய கல் தொட்டி ஒன்று இருக்கும், 1,500 லிட்டருக்கு மேல் பிடிக்கும். புது ஆயர் பதவியேற்கும்போது அதை மதுவால் நிரப்பி ஊர் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். நகரத்தின் அதிகாரம் அந்தத் தொட்டியோடு முடிந்து, ஆயரின் எல்லை தொடங்கியதாம்.

பயம் என்றாயே, அதற்காக ஒன்று. பக்கத்திலிருக்கும் வீஸ்லோக்குக்கு ஒரு நாள் போய் வா. நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, பஸ் பிடிக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது இந்த ஊர் மருந்துக்கடையில்தான் வாங்கி ஊற்றினார். அந்தக் கடை வாசலில் நின்று பார், உன் பயம் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் பையில் இருக்கட்டும்.

பதில்: ஜின்ஸ்ஹைம் போகக் கிளம்பியவன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். நான் ஜின்ஸ்ஹைம் போக ஏறினேன். மெக்கஸ்ஹைமில் ரயில் பிரிந்தது, நான் இருந்த பாதி அக்லாஸ்டர்ஹவுசனுக்குப் போய்விட்டது. முன்பாதி எங்கே, பின்பாதி எங்கே என்று ஏறும்போதே பெட்டியின் பக்கவாட்டில் பார்த்துவிடுங்கள்.

இந்த டிக்கெட் எல்லை தாண்டி பிரான்சின் விஸ்ஸம்பூர் வரைக்கும் செல்லும். அங்கே போவதானால் கடவுச்சீட்டும் வசிப்பு அனுமதி அட்டையும் அவசியம் எடுத்துப்போங்கள். அரை நாள் பயணம்தானே என்று அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

அக்கா, நேற்று ஏறிவிட்டேன்! நெக்கர்ஷ்டைனாக்கில் மழை கொட்டியதால் இறங்காமல் அப்படியே ஹிர்ஷ்ஹோர்ன் வரை போனேன். இறங்கும்போது மழை விட்டிருந்தது. கோட்டைக்கு ஏறும் முன்பே பழைய நகர வாயிலில் நின்றுவிட்டேன். சுவரில் கோடு கோடாகச் செதுக்கி, பக்கத்தில் ஆண்டு போட்டிருந்தார்கள். எந்த வருடம் ஆறு எதுவரை ஏறியது என்ற கணக்கு. 1784இல் பனிக்கட்டியோடு வந்த வெள்ளம் ஹைடெல்பெர்க்கில் அப்போதிருந்த பாலத்தையே உடைத்துக்கொண்டு போனது என்று வகுப்பில் கேட்டபோது காதில் விழுந்ததோடு சரி. இங்கே கையைத் தூக்கியும் சில கோடுகள் எட்டவில்லை.

திரும்பும் ரயிலில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நடுவில் எத்தனை நிலையங்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிறு ஷ்பையர். நிலவறையில் எந்த நேரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும், அக்கா?