இட்லிப் பொடியும் உங்கள் டயட்டும்: அனுபவம் சொல்லுங்கள்

மதுரை, பேலியோ

தானியமும் பருப்பும் இல்லாத பேலியோ உணவுமுறையைத் தொடங்குகிறவர்கள் இட்லியைக்கூட விட்டுவிடுகிறார்கள். பொடியை விடத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது. தடை மிளகாய்க்கு இல்லை, பருப்புக்கு. வழக்கமான வீட்டுப் பொடியில் பாதிக்கு மேல் உளுந்தும் கடலைப்பருப்பும்தான். 100 கிராம் உளுந்தில் மாவுச்சத்து 60 கிராமை ஒட்டி இருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஒரு டீஸ்பூன் பொடிக்கு இரண்டு மூன்று கிராம்தான் வரும்; ஒரு நாளைக்கு 40 கிராம் மாவுச்சத்துக்குள் நிற்கிறவருக்கு அது பெரிதில்லை. ஆனால் ஒரு டீஸ்பூனோடு கை கழுவ எழுந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் பருப்பைத் தூக்கிவிட்டோம். கருப்பு எள் ஒரு பங்கு, துருவிய கொப்பரை ஒரு பங்கு, ராமநாதபுரம் குண்டு மிளகாய், தோலோடு பூண்டு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, கல்லுப்பு. தனித்தனியாக வறுத்து நன்றாக ஆறவிடணும். மிக்சியை விட்டு விட்டுச் சுற்றணும். ஒரேயடியாக ஓட்டினால் எள் எண்ணெய் கக்கி, பொடி உருண்டை உருண்டையாகிவிடும். பருப்புப் பொடி மாதிரி நாள்பட இருக்காது, சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். கொஞ்சமாக அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆம்லெட் மேல் தூவினால் இட்லி ஞாபகமே வராது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாக இருக்கும்.

நிலக்கடலை போடலாமா என்று கேட்பார்கள். அதுவும் பருப்பினம்தான், கறாரான பேலியோவில் கிடையாது. லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைப்பது மட்டும் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். இதை வைத்து குழுக்களில் நடக்கிற சண்டை தனிக்கதை.

சென்னை, கலோரிக் கணக்கு

நான் எந்த டயட்டிலும் இல்லை, கலோரி எண்ணுகிறேன், அவ்வளவுதான். பொடி நடுவில் குழி பறித்து ஊற்றுகிறோமே நல்லெண்ணெய், அது மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. மூன்று இட்லி முடிவதற்குள் இரண்டு கரண்டி போன இடம் தெரியாது. செக்கில் ஆட்டியதானாலும் கலோரி அதேதான், இதை மட்டும் வீட்டில் யாரும் நம்ப மறுக்கிறார்கள். நான் பொடியைக் கெட்டித் தயிரில் குழைத்து, வாசனைக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுக்கொள்கிறேன். அம்மா தட்டைப் பார்த்துவிட்டு "யாருக்குடி காய்ச்சல்?" என்றார்.

டல்லாஸ், மகளுக்கு சீலியாக்

சீலியாக் என்பது குளூட்டன் என்ற தானியப் புரதம் ஒத்துக்கொள்ளாத நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றும் அவளுக்குக் கூடவே கூடாது. இட்லி தோசை சாப்பிடுகிற வீட்டுக்கு இது ஒரு கஷ்டமா என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். சப்பாத்தி, பிரெட் எல்லாம் நிறுத்தியும் வயிற்றுவலி விடவில்லை. டயட்டீஷியன் சமையலறையில் இருக்கிற ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். மாட்டியது பெருங்காயம்.

கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். செடியின் பிசின் தனியாக வந்தால் காட்டம் தாங்க முடியாது, அதனால் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டில் கோதுமை அல்லது மைதா. மாமியார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பும் பொடியில் அந்தக் கட்டியைத்தான் பொரித்துப் போட்டிருந்தார். சாம்பார், ரசத்திலும் அதேதான். அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

"பெருங்காயத்துலயா கோதுமை?" என்று மாமியார் போனில் திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது அவரே கடைக்காரரிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லி வம்பு பண்ணுகிறாராம். இன்னொன்று, மாவு மில்லில் கொடுத்துத் திரிக்காதீர்கள். நமக்கு முன்னால் திரித்தது யாருடைய கோதுமையோ. வீட்டு மிக்சி போதும்.

டொராண்டோ, மகன் வீகன்

வீகன் எண்டா மீன், இறைச்சி, பால், நெய் ஒண்டும் இல்லை. தமிழ்நாட்டுப் பொடி நெய் ஊத்தாத வரைக்கும் வீகன்தானே. யாழ்ப்பாணத்து எங்கட பாடுதான் கஷ்டம், எங்களுக்குப் பொடியில்லை, சம்பல். கடைச் சம்பல் போத்தலைத் திருப்பிப் பார்த்தா கட்டைச் சம்பலிலயும் மாசிக் கருவாடு, சீனிச் சம்பலிலயும் மாசி. பெடியன் சோந்து போனான். நான் கேட்டன், நல்லூர்க் கோயில் கொடியேறினா 25 நாளும் வீட்டில மீன் இறைச்சி மச்சமில்லை, அப்ப என்ன சம்பல் இல்லாமலே இருந்தனாங்கள்? செத்தல் மிளகாயைப் பொரிச்சு, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பழப்புளி, உப்பு போட்டு உரலில இடிச்சுக் குடுத்தன். புட்டோட வழிச்சுச் சாப்பிட்டான். மாசியின்ட ருசி இதில வராது, வர வைக்கவும் தேவையில்லை.

மெல்பர்ன், லோ ஃபாட்மேப்

எனக்கு ஐபிஎஸ், அடிக்கடி வயிற்றைக் கலக்கும் குடல் கோளாறு. இங்குள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய லோ ஃபாட்மேப் முறையில், அதாவது குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் முறையில் இருக்கிறேன், வெங்காயமும் பூண்டும் கிடையாது. மதுரைக்காரரின் தோலோடு பூண்டைப் படித்து வயிறெரிந்தது. பூண்டில் நமக்குத் தொல்லை தருவது ஃபிரக்டான் என்ற ஒரு வகை மாவுச்சத்து. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பல்லை நல்லெண்ணெயில் பொரித்து, பல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, எண்ணெயை மட்டும் பொடியில் விட்டால் வாசனை கிடைத்துவிடும். அன்றன்றைக்குச் செய்யுங்கள், பூண்டு எண்ணெயை வெளியே வைத்திருப்பது ஆபத்து.

ஆனால் "தடை மிளகாய்க்கு இல்லை" என்பது எங்கள் கூட்டத்துக்குப் பொருந்தாது. மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசினே சிலருக்கு வயிற்றைக் கிளப்பிவிடும், எனக்கும் அப்படித்தான். பாதி மிளகாயை எடுத்துவிட்டு மிளகு போடுகிறேன்.

திருச்சி, அப்பாவுக்கு பிரஷர்

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது, ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். அப்பா அதைக் காலையிலேயே முடித்துவிடுவார். சொல்லாமல் பொடியில் உப்பைப் பாதியாக்கி, வறுத்த புளியைக் கூட்டினேன். இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஊறுகாய் ஜாடி இடம் மாறியதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

மதுரை அண்ணா, கொப்பரையை எண்ணெய் விட்டு வறுக்கணுமா, வெறுஞ்சட்டியிலா?

மதுரை, பேலியோ

வெறுஞ்சட்டி, சிறு தீ. பொன்னிறம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிடுங்கம்மா, சட்டிச் சூட்டிலேயே மீதி வறுபட்டுவிடும்.