இரவில் கடல்மேல் பறத்தல்: 1999 மார்த்தாஸ் வினியார்டு விபத்திலிருந்து தனியார் விமானிகள் கற்க வேண்டியது என்ன?

கேள்வி

நான் அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்றவன். கருவிவழிப் பறப்புக்கான (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் கொண்டு பறப்பதற்கான) தகுதியை இன்னும் பெறவில்லை. 1999 ஜூலை 16 அன்று இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தம் மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் நியூ ஜெர்சியிலிருந்து புறப்பட்டு, மார்த்தாஸ் வினியார்டு தீவை அடையும் முன்பே கடலில் விழுந்து மூவரும் இறந்த விபத்தைப் பற்றி இப்போது படித்து வருகிறேன். அவருக்கு ஏறத்தாழ 310 மணி நேரப் பறப்பு அனுபவம் இருந்தது. அவர் ஓட்டிய பைப்பர் சாரடோகா என்ற சிறிய விமானத்தில் பழுது இருந்ததாகத் தெரியவில்லை. வானிலையும் பார்வைவழிப் பறப்புக்கு (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு) சட்டம் கேட்கும் அளவைவிட மேலாகவே இருந்தது. பிறகு எப்படி விமானம் கைமீறிப் போனது? என் நிலையில் இருப்பவர்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

மறுமொழி 1 (பயிற்றுநர்)

வானிலை சட்டப்படி சரியாக இருந்தால் தொடுவானமும் தெரியும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. விமான நிலைய வானிலை அறிக்கை சொல்லும் பார்வைத் தொலைவு தரையில் அளக்கப்படுவது. 5,500 அடி உயரத்தில், மங்கலான மூட்டத்தின் ஊடாக, விளக்கே இல்லாத கடலை நோக்கும்போது என்ன தெரியும் என்பதை அது சொல்லாது. அன்றிரவு அதே தீவின்மேல் பறந்த இன்னொரு விமானி, கீழே ஒரு விளக்கும் தெரியாததால், தீவில் மின்தடை ஏற்பட்டிருக்குமோ என்று நினைத்ததாக விசாரணையாளர்களிடம் கூறியிருக்கிறார்.

கனெக்டிகட் கடற்கரையை ஒட்டி வந்தவரை கென்னடிக்குக் கரையோர ஊர்களின் வெளிச்சம் துணையிருந்தது. ரோட் ஐலண்டு கரையில் உள்ள பாயின்ட் ஜூடித் முனையைத் தாண்டியதும் முன்னே ஏறத்தாழ 30 மைல் திறந்த கடல். கண்ணுக்குப் பிடிமானம் இல்லாதபோது உடல் உள்காதை நம்புகிறது. அங்குள்ள அரைவட்டக் குழாய்களின் திரவம், ஒரே சீராகத் தொடரும் திருப்பத்தைச் சில நொடிகளிலேயே உணர்த்தாமல் விட்டுவிடும். அதனால் இறக்கை சாய்ந்திருக்கும்போதே நேராகப் பறப்பதாகத் தோன்றும். இறுதியில் அந்த விமானம் வலப்பக்கத் திருப்பத்தில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கியது. திசையுணர்வு குழம்பியதால் விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்றும், மூட்டமும் இருண்ட இரவும் துணைக் காரணங்கள் என்றும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது.

மறுமொழி 2

பயிற்றுநர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் என் கருத்தில் இந்த விபத்து புறப்படும் முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது. கென்னடி தரையை விட்டுக் கிளம்பியபோது இரவு மணி 8:38. மொத்த அனுபவம் 310 மணி என்றாலும், அந்த விமானத்தில் அருகே பயிற்றுநர் இல்லாமல் பறந்தது ஏறத்தாழ 3 மணி நேரம்தான், அதிலும் இரவில் ஒரு மணிக்கும் குறைவு. உடன் வருவதாகப் பயிற்றுநர் ஒருவர் அன்று சொல்லியும் அவர் தனியாகவே செல்ல விரும்பினார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தன்னம்பிக்கை வளர்ந்துவரும் கட்டத்தில் எந்த விமானிக்கும் இயல்பாக எழும் ஆசை அது. ஆகவே நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது முதலில் பாதையை: கரையை ஒட்டி இன்னும் கிழக்கே சென்று, நீர்ப்பரப்பு குறுகிய இடத்தில் கடந்தால் கூடுதலாகச் செலவாவது சில நிமிடங்களே. அதுவும் சரிவராது என்றால் காலைவரை காத்திருங்கள்.

மறுமொழி 3

இத்தகைய விவாதங்களில் ‘178 நொடிகள்’ என்ற கணக்கு அடிக்கடி வரும்; அதை முழுமையாகச் சொல்வது நல்லது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், கருவிவழிப் பறப்பு அறியாத 20 பேர் வெளிப்பார்வை மறைக்கப்பட்ட நிலையில் சராசரியாக 178 நொடிகளில் கட்டுப்பாட்டை இழந்தனர். மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வில், எளிய ஒரு செயல்முறையைக் கற்றுக்கொடுத்த பிறகு அவர்களில் ஏறத்தாழ எல்லோருமே 180 பாகை திரும்பிப் பத்திரமாக வெளியேற முடிந்தது. பயிற்சியால் பலன் உண்டு என்பதுதான் அந்த ஆய்வின் நோக்கமும் முடிவும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: விமானம் சாய்ந்து திரும்பியபடியே வேகமாகக் கீழிறங்கும் சுழல் இறக்கம் தொடங்கிவிட்டது என்று கருவிகள் காட்டினால், முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மறுமொழி 1 (பயிற்றுநர்)

முதலில் இன்ஜின் விசையைக் குறையுங்கள். அடுத்து, செயற்கைத் தொடுவானக் கருவியைப் பார்த்து இறக்கைகளைச் சமப்படுத்துங்கள். அதன் பிறகே மூக்கை மெதுவாக உயர்த்துங்கள். உயரம் குறைவதைக் கண்டதும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்கத்தான் மனம் துடிக்கும். இறக்கை சாய்ந்திருக்கும்போது இழுத்தால் திருப்பம் மேலும் இறுகி, விமானத்தின் மீதான சுமையும் ஏறும். தனியார் உரிமத்துக்கு அமெரிக்க விதிகள் கேட்கும் 3 மணி நேரக் கருவிப் பயிற்சி, இந்த வரிசை கைப்பழக்கமாவதற்குப் போதாது என்பது என் எண்ணம். பார்வை மறைப்பு அணிந்து, அருகில் பயிற்றுநரை வைத்துக்கொண்டு, பகலில் தொடங்கி நிலவில்லாத இரவுவரை மீண்டும் மீண்டும் செய்து பாருங்கள். உங்கள் விமானத்தில் ஆட்டோபைலட் இருந்தால், அதன் பொத்தான்களைப் பார்க்காமலே இயக்கத் தெரியும்வரை கடல் கடக்கும் இரவுப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.