புதுப்பிப்பு: சிறிய சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியைப் பொதுத்தரவுகளால் எடைபோடுதல்

கலிஃபோர்னியாவில் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க நினைக்கும் சிறிய சார்ட்டர் பள்ளியை (அரசு நிதியில், தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் பொதுப்பள்ளி) பொதுத்தரவுகளைக் கொண்டு எப்படி மதிப்பிடுவது என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் காட்டிய வழியில் தேடிப் பார்த்ததை இங்கே பதிகிறேன்.

பள்ளிகளின் செயல்பாட்டை நிறங்களால் தரப்படுத்திக் காட்டும் மாநில டாஷ்போர்டு தளத்தில், பொதுவாக 30 மாணவர்களாவது இருந்தால்தான் ஒரு அளவீட்டுக்கு நிறம் கிடைக்கும். 11 பேருக்கும் குறைவென்றால் தனியுரிமை கருதி முடிவே காட்டப்படாது. உயர்நிலைப் பள்ளியில் மாநில ஆங்கில, கணிதத் தேர்வுகளைப் பதினொன்றாம் வகுப்பினர் மட்டுமே எழுதுவதால், 40 பேர் எழுதும் இடத்தில் ஒரே மாணவர் 2.5 சதவீதப் புள்ளிகளை மாற்றிவிட முடியும். ஓராண்டு ஏற்ற இறக்கத்தை ஆகவே நான் பொருட்படுத்தவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, பள்ளிப்படிப்பை முடிப்போரின் விகிதம்தான். வேறு பள்ளிக்கு முறைப்படி மாறிச் சென்றவர்கள் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்தோரைக் கணக்கிடும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதால், பலர் இடையில் விலகினாலும் அந்த விகிதம் உயர்ந்தே நிற்கக்கூடும். எனவே மாநிலக் கல்வித் துறையின் டேட்டாக்வெஸ்ட் என்ற புள்ளிவிவரத் தளத்தில் ஒன்பதாம் வகுப்பின் எண்ணிக்கையை, மூன்று ஆண்டு கழித்து அதே மாணவர் குழு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோதைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். வகுப்பு கணிசமாகச் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று முதல்வரிடம் நேரில் கேட்ட பிறகே விண்ணப்பத்தை அனுப்புவோம்.