கப்பல் பெயர் இல்லாத அமெரிக்கக் கடற்படைத் தபால் உறை: எங்கிருந்து வந்தது?

கேள்வி
1943 அக்டோபர் உறை. அஞ்சல் முத்திரையில் ‘யு.எஸ். நேவி’, தேதி, அவ்வளவுதான். அதன்மேல் ஊதா நிறத்தில் ‘பாஸ்ட் பை நேவல் சென்சார்’, உள்ளே கிறுக்கலாக இனிஷியல். தபால்தலை இடத்தில் கையால் ‘ஃப்ரீ’. அனுப்பியவர் பெயரும் பதவியும் தெளிவு. அடுத்த வரி கிழிந்துவிட்டது. கடைசியில் ‘ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், சான் பிரான்சிஸ்கோ’. கப்பலா, கரைத்தளமா?

பதில் 1
சான் பிரான்சிஸ்கோவை நம்பி ஊர் தேடாதீங்க. அப்போ பசிபிக் பக்கக் கடற்படைத் தபால் பெரும்பாலும் அந்த வழிதான். அட்லாண்டிக் பக்கம் நியூயார்க். ‘ஃப்ரீ’ காலத்தை மட்டும் சொல்லும்: 1942 ஏப்ரல் 1 முதல் வீரர்களின் சாதாரணக் கடிதம் இலவசம், விமானத் தபாலுக்கு 6 சென்ட். 1941 டிசம்பர் பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக்காகக் கப்பல் பெயரை முத்திரையிலிருந்து எடுத்தாங்க. கடற்படை முத்திரைகளை வகைப்படுத்தும் லோசி வகைப்பாட்டில் இப்படிப் பெயர் நீக்கிய முத்திரைகளுக்கு ‘இசட்’ எழுத்து சேரும். முத்திரையில் 5 இலக்கக் கிளை அஞ்சலக எண், பக்கத்தில் ‘பிஆர்’ (பிராஞ்ச், கிளை) இருக்கா?

கேட்டவர்
இல்லைங்க. ஊதா மை மேலே விழுந்ததால் தேதியே சரியாப் படிக்க முடியலை.

பதில் 2
600 டிபிஐ-யில் கலர் ஸ்கேன் எடுத்து, படத் திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீல நிற சேனல்களைத் தனித்தனியாகப் பிரிங்க. சிவப்பு சேனலில் ஊதா மங்கி, கறுப்பு முத்திரை துலங்கும். பச்சையில் சென்சார் முத்திரை அடர்த்தியாகும். நீராவி, ரசாயனம் எதுவும் வேண்டாம்.
கிழிசல் ஓரத்தில் ‘யு.எஸ்.எஸ்.’ மிச்சம் இருந்தால் கப்பல். ‘நேவி’யும் எண்ணும் என்றால் கரைத்தளம்: நேவி 128 பெர்ல் ஹார்பர்.
இரண்டும் இல்லையா, பெயரைப் பிடிங்க. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள மஸ்டர் ரோல்களில் (ஆள் பதிவேடு) கப்பல்வாரியாக மாலுமிகள் பெயர், சர்வீஸ் எண், பதவி எல்லாம் இருக்கும். ஒரே பெயரில் பலர் வருவாங்க. உறையில் உள்ள பதவி அந்த மாதத்துக்குப் பொருந்தணும். ‘என்சைன்’ மாதிரி அதிகாரியா? மஸ்டர் ரோலில் சிக்க மாட்டார், அது மாலுமிகளுக்கு மட்டும். டெக் லாகில் (கப்பலின் அன்றாடக் குறிப்பேடு) மாதாமாதம் வரும் அதிகாரிகள் பட்டியலைப் பாருங்க. கடிதத்தைத் தணிக்கை செய்தவரும் அந்தக் கப்பல் அதிகாரியாக இருக்கலாம்; அதனால் சென்சார் இனிஷியலையும் அதே பட்டியலோடு ஒப்பிடுங்க. பொருந்தினால்தான் நான் கப்பல் பெயர் எழுதுவேன்.

பதில் 1
ஒன்று விட்டுப்போச்சு. சின்னக் கப்பல் பலவற்றில் அஞ்சலகமே கிடையாது. பெரிய கப்பலிலோ தளத்திலோ பையைக் கொடுத்துடுவாங்க. முத்திரை குத்திய இடமும் எழுதிய இடமும் வேறாக இருக்கலாம். உறையை விற்றவர் அதில் பென்சிலில் கப்பல் பெயர் எழுதியிருந்தாலும் அது ஆதாரம் ஆகாது.