புதுப்பிப்பு: எல்லாம் இருந்தும் வெறுமையாகத் தோன்றும் காதல்

சொகுசு விடுதிகள், பயணங்கள், பரிசுகள் என்று எதற்கும் குறைவில்லாத உறவில் ஏன் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். "கொடுத்து வைத்தவள், அனுபவி" என்றவர்களே அதிகம். ஒருவர் மட்டும், "செலவே இல்லாமல் ஒரு வாரம் இருந்து பாருங்கள்" என்றார். அதைத்தான் செய்தோம்.

என் காதலர் மறுக்கவில்லை. ஆனால் முதல் மாலையே இருவரும் கைபேசிக்குள் போய்விட்டோம். வேலையிடத்தில் எனக்கு நேர்ந்த ஓர் அவமானத்தைச் சொன்னேன். "சரி விடு, வார இறுதியில் எங்காவது போகலாம்" என்றார். எப்போதும் இதே பதில்தான். அழுதால் நகை, சண்டை என்றால் விமான டிக்கெட். கெட்டவர் இல்லை; உட்கார்ந்து கேட்க மட்டும் தெரியாது.

உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை ஆராய்ந்து சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. அன்றாடம் ஒருவர் கவனம் கேட்டு விடுக்கும் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு மற்றவர் முகம் கொடுக்கிறாரா என்பதே உறவுக்கு முக்கியம். பரிசுகளைப் பொறுத்தவரை, இன்பம் பழகிப்போகும் என்று உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்பெலும் 1971-லேயே எழுதிவிட்டார்கள். எங்களுக்கும் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. (புகைப்படங்கள் பிரமாதமாக வந்தன, அதை மறுக்கவில்லை.)

பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டவர்களுக்கு: இன்னும் இல்லை. அடுத்த பயணத்துக்கு வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டேன். காரணம் கேட்கவில்லை, அப்படியானால் வேறு ஊருக்குப் போகலாமா என்று கேட்டார்.